ஸ்டாம்ஃபர்டில் ஓர் இரவாவது தங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய சந்தை நகரங்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான பயணக் கட்டுரையில், லிங்கன்ஷயரின் தென்கோடியில் உள்ள ஸ்டாம்ஃபர்டுக்கும் இடம் தந்திருந்தது கண்டு மகிழ்ந்தேன். பிள்ளைகளைப் பார்க்க இந்த நாட்டுக்கு வரும் பெற்றோர் பலர் லண்டனைச் சுற்றிவிட்டு, மிச்ச நாட்களை வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்களுடைய கவனத்தைச் சிறு நகரங்களின் பக்கம் திருப்பியதற்காகவே கட்டுரையாளருக்கு நன்றி சொல்லலாம். ஆனால் ஸ்டாம்ஃபர்டைப் பற்றி அவர் எழுதியிருந்த இரண்டு செய்திகளை, அந்த ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் நெடுங்காலமாக வசித்து வருபவன் என்ற முறையில், என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு மணி நேரம் இருந்தால் ஊரைப் பார்த்து முடித்துவிடலாம் என்பது ஒன்று. தங்க விரும்புவோர் கட்டுரையின் கீழே தரப்பட்டிருக்கும் நட்சத்திர வரிசைப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பது மற்றொன்று.

அந்தப் பட்டியலில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் அல்லது பக்கத்து நகரமான பீட்டர்பரோவில் இருப்பவை. அங்கே தங்குவதில் தவறில்லை. படுக்கை சுத்தமாக இருக்கும், வண்டி நிறுத்த இடம் இருக்கும். ஆனால் ஸ்டாம்ஃபர்டைப் பொறுத்தவரை தங்குமிடம் என்பது ஊர் பார்த்து முடித்த பிறகு தலை சாய்ப்பதற்கான இடம் மட்டுமன்று. வழிப்போக்கர்களுக்கு இடம் கொடுத்தே பெரிதான ஊர் அது. அங்கே பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானதே அதன் விடுதிகள்தாம் என்பது என் கருத்து.

லண்டனிலிருந்து யார்க் வழியாக எடின்பரோ வரை செல்லும் பழைய பெரு வடக்குச் சாலை ஸ்டாம்ஃபர்டின் நடுவேதான் சென்றது. வெல்லண்ட் ஆற்றைக் கடப்பதற்கு வாய்ப்பான இடமாக இருந்ததால் சாலை அங்கே இறங்கியது. சாலை இறங்கியதால் சந்தையும், சந்தைக்கு வந்தவர்கள் தங்க விடுதிகளும் ஏற்பட்டன. 1706ஆம் ஆண்டில் லண்டனுக்கும் யார்க்குக்கும் இடையே ஓடிய குதிரை வண்டி ஒன்றின் விளம்பரத் துண்டறிக்கை இன்றும் வரலாற்று நூல்களில் எடுத்தாளப்படுகிறது. முழுப் பயணத்துக்கும் நான்கு நாட்கள் ஆகும், அதுவும் இறைவன் அனுமதித்தால், என்கிறது அந்த அறிக்கை. யார்க்கிலிருந்து இரண்டு நாட்களில் ஸ்டாம்ஃபர்ட், அங்கிருந்து ஹண்டிங்டன் வழியாக இன்னும் இரண்டு நாட்களில் லண்டன் என்றும் கணக்குச் சொல்கிறது. ஆளுக்கு 14 ராத்தல் மூட்டை இலவசம், மீறினால் ராத்தலுக்கு மூன்று பென்ஸ் கட்டணம். விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டுக் கவலைப்படும் நமக்கு இந்த விதி ஒன்றும் புதிதாகத் தோன்றாது. இங்கே நான் சுட்ட விரும்புவது, அந்த நான்கு நாள் பயணத்தின் சரிபாதியில் ஸ்டாம்ஃபர்ட் இருந்தது என்பதை. வடக்கே போகிறவர்களுக்கும் தெற்கே வருகிறவர்களுக்கும் இரவு தங்கும் இடமாகவே அந்த ஊர் அறியப்பட்டிருந்தது.

அந்தக் காலத்தின் சாட்சியாக இன்றும் நிற்கிறது தி ஜார்ஜ் என்னும் விடுதி. முதலாம் எலிசபெத் அரசியின் முதன்மை அமைச்சராக விளங்கிய பர்லி பிரபு வில்லியம் செசில், 1597இல் அதன் முகப்புக் கட்டடத்தைக் கட்டுவித்தார். அவருடைய குலச் சின்னம் இன்னும் வாசலின் மேலே இருக்கிறது. ஊருக்குள் நுழையும்போதே கண்ணில் படுவது, விடுதியின் மேலிருந்து சாலையின் குறுக்கே எதிர்ப்புறம் வரை நீண்டிருக்கும் பெயர்ப்பலகை உத்தரம். தூக்குமர வடிவில் அமைந்த அந்த உத்தரம் நேர்மையான பயணிக்கு வரவேற்பாகவும் வழிப்பறிக்காரனுக்கு எச்சரிக்கையாகவும் நின்றதாக உள்ளூரில் சொல்வார்கள். லண்டன் போகும் வண்டிக்கும் யார்க் போகும் வண்டிக்கும் காத்திருப்பவர்களுக்காக முன்கூடத்தின் இரு புறமும் மரப்பலகை பதித்த தனித்தனி அறைகள் இருந்தன. அவற்றை இன்றும் லண்டன் அறை, யார்க் அறை என்றே அழைக்கிறார்கள். கோச் எனப்படும் இந்தக் குதிரை வண்டிகள் உச்சத்தில் இருந்தபோது, போகும் திசைக்கு இருபதும் வரும் திசைக்கு இருபதுமாக, நாளொன்றுக்கு 40 வண்டிகள் அங்கே நின்று சென்றதாக விடுதியின் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் குதிரை மாற்ற வேண்டும், இறங்குபவர்களுக்கு இறைச்சியும் ரொட்டியும் பீரும் பரிமாற வேண்டும், இரவு வண்டியில் வந்தவர்களுக்குப் படுக்கை விரிக்க வேண்டும் என்றால், அந்த முற்றத்தில் எத்தனை பேர் ஓடியாடி வேலை செய்திருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பிறகு ரயில் வந்தது. லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பிரதான இருப்புப்பாதை ஸ்டாம்ஃபர்டைத் தொடாமல் பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டது. கோச் தொழில் சில ஆண்டுகளுக்குள் படுத்துவிட்டது. பீட்டர்பரோ செங்கல் சூளைகளும் பணிமனைகளுமாக வளர்ந்தபோது, ஸ்டாம்ஃபர்ட் இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது. அன்றைக்கு அது ஊருக்கு நேர்ந்த இழப்பு. ஆனால் இடித்துக் கட்டுவதற்குப் பணமோ தேவையோ இல்லாமல் போனதால்தான், அருகிலுள்ள பார்னக், கெட்டன் சுரங்கங்களின் சுண்ணாம்புக் கல்லால் எழுந்த வீடுகளும் காலிவெஸ்டன் கல் ஓடு வேய்ந்த கூரைகளும், ஒரே சிற்றூர்ப் பரப்புக்குள் நடுக்காலத்துத் தேவாலயங்கள் ஐந்தும் நமக்கு மிஞ்சின. பழைய நகர்ப் பகுதிகளை மொத்தமாகப் பாதுகாக்க வழி செய்யும் சட்டம் 1967இல் நிறைவேறியபோது, நாட்டிலேயே முதலாவதாகப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது ஸ்டாம்ஃபர்ட்தான். இன்று அங்கே அறுநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளன. நெடுஞ்சாலையும் 1960இல் புறவழிச்சாலைக்கு மாறிவிட்டதால் கனரக வண்டிகளின் தொல்லையும் ஓய்ந்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், காலை பத்தரைக்கு வந்து இறங்கி, தேவாலயத்தைப் படம் பிடித்து, தேநீர் அருந்திவிட்டு, பன்னிரண்டரை மணிக்குப் புறப்படும் பயணி எதைத் தவறவிடுகிறார் என்பது விளங்கும். பகலில் அவர் பார்ப்பது, தம்மைப் போலவே வந்து இறங்கிய கூட்டத்தை. மாலை ஐந்து, ஐந்தரைக்குக் கடைகள் அடைத்துவிடுகின்றன. ஜூன் மாதமானால் அதன் பிறகும் நான்கு மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. செயின்ட் மேரிஸ் சாலையிலும் பார்ன் ஹில் ஏற்றத்திலும் ஆள் நடமாட்டமே இராது. பகல் வெளிச்சத்தில் சாம்பல் பூத்தது போலத் தெரிந்த கல், சாய்வெயில் பட்டதும் தேன் நிறத்துக்கு மாறும். ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே உள்ள புல்வெளியில் நின்று திரும்பிப் பார்த்தால் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டில் ஏறிச் செல்வது தெரியும். இதைப் பார்க்க நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை, ஊரிலேயே தங்கியிருந்தால் போதும்.

எங்கே தங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டுரையாளர் நட்சத்திரங்களை ஒரே அளவுகோலாக எண்ணியிருக்கிறார் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் விஸிட் இங்கிலாந்து அமைப்பும் ஏஏ என்னும் வாகன ஓட்டிகள் சங்கமும் தங்குமிடங்களைத் தரம் பிரிக்கும்போது, ஹோட்டல், இன் (பப்புடன் சேர்ந்த விடுதி), விருந்தினர் இல்லம், பி அண்ட் பி (படுக்கையும் காலை உணவும் தரும் வீடு), அறைகளுடன் கூடிய உணவகம் என்று வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் அதற்குரிய விதிகளின்படியே நட்சத்திரம் வழங்குகின்றன. ஆகவே நான்கு நட்சத்திர பி அண்ட் பியும் நான்கு நட்சத்திர ஹோட்டலும் ஒன்றல்ல. முன்னதில் வரவேற்பு மேசையோ இரவுக் காவலரோ இருக்க வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் காலை உணவும் படுக்கையும் உபசரிப்பும் பின்னதை மிஞ்சலாம். மூன்று நட்சத்திரம் என்று ஒதுக்கப்பட்ட ஓர் இன், ஐந்நூறு ஆண்டுப் பழைய சுவருக்குள் இருக்கலாம். தரப்படுத்தலுக்கு விண்ணப்பிப்பதே விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், நட்சத்திரமே இல்லாத நல்ல இடங்களும் உண்டு. வகையைக் குறிப்பிடாமல் நட்சத்திரத்தை மட்டும் அச்சிட்டால் வாசகர் ஏமாந்துதான் போவார்.

ஸ்டாம்ஃபர்டில் பழைய கோச் விடுதி என்றால் முதலில் சொல்ல வேண்டியது தி ஜார்ஜ். அது மலிவான இடம் அன்று, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே தங்காதவர்களும் உள்ளே போகலாம். கற்கள் பாவிய முற்றத்தில் கோடைக்காலத்தில் உணவு பரிமாறுகிறார்கள். முன்கூடத்து நெருப்பின் அருகே அமர்ந்து காபி அருந்துபவரை யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். அதே பாதையில், செயின்ட் மார்டின்ஸ் பகுதியிலேயே, தி வில்லியம் செசில், தி புல் அண்ட் ஸ்வான் ஆகிய இரண்டும் உள்ளன. பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தின் அருகே தி கிரௌன் இருக்கிறது. இவை நான்கும் ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ளவை. ரயில் நிலையத்துக்கும் தி ஜார்ஜுக்கும் இடையே ஐந்து நிமிட நடைதான். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து பீட்டர்பரோவுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம், அங்கே ரயில் மாறினால் கால் மணி நேரத்தில் ஸ்டாம்ஃபர்ட். பர்மிங்ஹாம், லெஸ்டர், கேம்பிரிட்ஜ் ஆகிய ஊர்களிலிருந்து வருபவர்கள் வண்டி மாறாமலே வந்துவிடலாம்.

இவற்றுக்கு அடுத்தபடியாக, பப்களின் மாடியில் மூன்று நான்கு அறைகளை வைத்து வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. செலவு குறைவு. ஆனால் வெள்ளி, சனிக்கிழமை இரவுகளில் கீழே பதினொரு மணி வரை, சில இடங்களில் அதற்கு மேலும், பேச்சுச் சத்தம் ஓயாது. சீக்கிரம் படுப்பவர்கள் பின்பக்கத்து அறையைக் கேட்டு வாங்க வேண்டும். பி அண்ட் பி என்பது பெரும்பாலும் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதி. பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணிக்கு முன்னால் அறை கிடைக்காது, காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். வருகிற நேரத்தை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் வெளியே போயிருப்பார், நாம் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஊரைப் பற்றி விசாரிக்க அவர்களைவிடச் சிறந்தவர்கள் கிடையாது. எந்தத் தேவாலயம் எந்த நாளில் திறந்திருக்கும், மழை பெய்தால் ஆற்றங்கரைப் பாதையில் சேறு எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. குடும்பமாக வருபவர்களுக்குச் சமையலறையுடன் கூடிய காட்டேஜ் வசதியானது. ஆனால் கோடையில் வாரக் கணக்கில்தான் தருவார்கள், மற்ற மாதங்களிலும் இரண்டு மூன்று இரவுகளுக்குக் குறையாமல் எடுக்கச் சொல்வார்கள்.

எந்த வகை விடுதியானாலும், பதினாறு வயது நிரம்பிய எல்லா விருந்தினரிடமும் பெயர், குடியுரிமை ஆகியவற்றையும், பிரிட்டன், அயர்லாந்து, காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் அல்லாதவர்களிடம் கூடுதலாகக் கடவுச்சீட்டு எண், அடுத்து எங்கே செல்கிறார்கள் என்ற விவரம் ஆகியவற்றையும் கேட்டுக் குறித்துவைப்பது 1972ஆம் ஆண்டு ஆணையின்படி விடுதிக்காரரின் கடமை. அந்தக் குறிப்பை அவர்கள் பன்னிரண்டு மாதம் வைத்திருக்க வேண்டும். நம்மை மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்று சிலர் மனம் வருந்துவதைக் கண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். கட்டணத்தைப் பொறுத்தவரை, இருபது விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி உள்ள இடங்களில் அது வெளியிடப்படும் தொகையில் அடங்கியே இருக்கும், தனியாகச் சேர்க்க மாட்டார்கள். காலை உணவு அதில் அடங்குமா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பழைய கட்டடத்தில் தங்குவது என்றால் என்னவென்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. முதியவர்களுடன் பயணம் செய்பவர்களுக்கு இது முக்கியம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தில் அதன் தன்மையை மாற்றும் எந்த வேலையையும், அது ஜன்னலை மாற்றுவதானாலும் சுவரை உடைத்து லிஃப்ட் வைப்பதானாலும், உள்ளாட்சி அமைப்பின் தனி ஒப்புதலின்றிச் செய்வது குற்றம். அதனால் பல இடங்களில் லிஃப்ட் கிடையாது, குளிர்சாதன வசதியும் கிடையாது. மாடிப்படிகள் குறுகலாகத் திருகித் திருகிப் போகும். இரண்டு மூன்று வீடுகளைச் சேர்த்து ஒரே விடுதியாக்கியிருப்பார்கள் என்பதால், மாடித் தாழ்வாரத்தில் நடக்கும்போது காரணமே இல்லாமல் இரண்டு படி இறங்கி, நான்கடி போனதும் மூன்று படி ஏற வேண்டிவரும். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், மேசையில் வைத்த பேனா தானாக உருண்டு போவதைப் பார்க்கலாம். உயரமானவர்கள் கறுத்த மர உத்தரங்களில் தலையை இடித்துக்கொள்ளாமல் இருக்க முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது. ஜன்னலோ கீல் வைத்துத் திறப்பதன்று. சட்டகத்துக்குள் மறைந்திருக்கும் இரும்பு எடைகளில் கயிறு கட்டி, கண்ணாடிச் சட்டத்தை மேலும் கீழும் தள்ளும் வகை. அதை ஒரு கையால் தூக்க முடியாது, இரு கைகளாலும் நேராகத் தூக்கினால் எடைகள் உள்ளே உரசும் சத்தத்தோடு மேலேறும். குழாய் பெரும்பாலும் இரண்டு, ஒன்றில் கொதிநீர், மற்றொன்றில் பனிநீர். இவை குறைகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முழங்கால் வலியுள்ள தாயாரை மூன்றாவது மாடியில் கொண்டுபோய் விட்ட பிறகு இதைத் தெரிந்துகொள்வது துன்பம். சென்ற ஆண்டு என் உறவினர் ஒருவருக்கு அதுதான் நேர்ந்தது. முன்பதிவின்போது படிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

கேட்டால் கிடைக்கும். பழைய கோச் விடுதிகளின் முற்றத்தைச் சுற்றியிருந்த குதிரை லாயங்களைப் பல இடங்களில் அறைகளாக மாற்றியிருக்கிறார்கள். அவை தரைத்தளத்தில் இருக்கும், குளியலறையும் புதிதாக இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி விடுதிகளின் பொறுப்பும்கூட. தரைத்தள அறை கேட்பதற்கு ஸ்டாம்ஃபர்டில் புகழ்பெற்ற முன்னோடி ஒருவர் இருக்கிறார். லெஸ்டரைச் சேர்ந்த டேனியல் லாம்பர்ட் என்பவர் தம் காலத்தில் இங்கிலாந்திலேயே மிகப் பருமனான மனிதராக அறியப்பட்டவர். 1809 ஜூனில் ஸ்டாம்ஃபர்டுக்கு வந்து, மாடி ஏற முடியாத காரணத்தால், வேகன் அண்ட் ஹார்ஸஸ் என்ற விடுதியின் தரைத்தளத்தில் தங்கினார். அங்கேயே இறந்தும் போனார். அவர் எடை ஏறத்தாழ 335 கிலோ. சுவரையும் ஜன்னலையும் இடித்துத்தான் சக்கரம் பொருத்திய சவப்பெட்டியை வெளியே கொண்டுவர முடிந்தது. செயின்ட் மார்டின்ஸ் தேவாலயத்து மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. தி ஜார்ஜில் அவருடைய உருவப்படம் மாட்டப்பட்டிருக்கிறது. அதே தேவாலயத்தின் உள்ளே பர்லி பிரபுவின் அலங்காரக் கல்லறை. மேலே தேவாலயத்துக்குள் அமைச்சர், வெளியே புல்தரையில் லாம்பர்ட், சற்றே கீழிறங்கினால் இருவரையும் நினைவுபடுத்தும் விடுதி.

உணவைப் பற்றி நம் வாசகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழு ஆங்கிலக் காலை உணவு என்பது பன்றி இறைச்சித் துண்டு, சாசேஜ், முட்டை, தக்காளிச் சாற்றில் வேகவைத்த பீன்ஸ், வதக்கிய காளான், தக்காளி, டோஸ்ட் ஆகியவை சேர்ந்த பெரிய தட்டு. சைவத் தட்டு கேட்டால் காய்கறி சாசேஜுடன் தருவார்கள். ஆனால் இறைச்சி வாட்டிய அதே கல்லில் வாட்டியதாக இருக்கக்கூடும் என்பதால், அதைப் பொருட்படுத்துபவர்கள் முந்தைய நாள் இரவே சொல்லிவிட வேண்டும். பால், முட்டை, கொட்டை வகைகள் உள்ளிட்ட பதினான்கு ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி விவரம் சொல்வது சட்டப்படி கட்டாயம். சைவம் பற்றி அப்படி ஒரு சட்டக் கட்டாயம் இல்லை. சூப்பில் எலும்புச் சாறு இருக்கலாம். வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் சேர்மானம் உண்டு. பார்மசான் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளைக் கொண்டே செய்கிறார்கள். இவற்றை வெட்கப்படாமல் கேட்கலாம், பதில் சொல்ல அவர்கள் தயங்குவதில்லை. இன்னொன்று, இரவு ஒன்பது மணிக்கு மேல் பல பப்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து தடபுடலாக நடக்கும், ஆனால் மாலையில் பல இடங்களில் சமையலே கிடையாது. ஞாயிறு மாலை வந்து சேருபவர்கள் கையில் ஏதாவது கொண்டுவருவது உத்தமம். எல்லா அறைகளிலும் கெட்டிலும் தேயிலைப் பொட்டலமும் சிறு குப்பிப் பாலும் வைத்திருப்பார்கள். இந்த நாட்டு விடுதிகளில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அதுதான்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கலை. சந்தை நகரத்துக்கு வந்துவிட்டுச் சந்தையைப் பார்க்காமல் போவதில் பொருளில்லை. ஸ்டாம்ஃபர்டில் வெள்ளிக்கிழமைதான் பெரிய சந்தை. வழக்கமாகக் கார் நிற்கும் பிராட் ஸ்ட்ரீட் அன்று காலையில் கடைவிரிப்பவர்களிடம் போய்விடும். வியாழன் மாலை வந்து, வெள்ளி காலையில் கம்பி சட்டங்களைப் பூட்டும் ஓசையில் கண்விழித்து, கூட்டம் சேரும் முன் பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கிவிட்டு, பிற்பகலில் ஒரு மைல் நடந்து பர்லி மாளிகைப் பூங்காவுக்குச் செல்வது என் பரிந்துரை. மாளிகை குளிர்காலத்தில் மூடியிருக்கும், திறந்திருக்கும் நாட்களை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மான்கள் மேயும் பூங்காவில் நடக்கக் கட்டணமில்லை. வார நடுவில் அறை வாடகை குறைவு, சனிக்கிழமை இரவுக்கு மிக அதிகம். செப்டம்பர் தொடக்கத்தில் பர்லி குதிரையேற்றப் போட்டி நடக்கும் நாட்களில் ஊரைச் சுற்றி இருபது மைலுக்கு அறை கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். தவக்காலத்தின் நடுவே வரும் அன்னையர் ஞாயிற்றை அடுத்த வாரம் நடுத்தெருவில் ராட்டினம் சுற்றும் திருவிழா நடக்கும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், தூக்கம் தேடி வருபவர்களுக்குத் தண்டனை.

பிராட் ஸ்ட்ரீட்டில் இன்னொரு தங்குமிடம் இருக்கிறது. பயணிகளுக்கு அங்கே இடம் கிடையாது, ஆனால் ஊரின் இயல்பைப் புரிந்துகொள்ள அதைப் பார்க்க வேண்டும். வில்லியம் பிரௌன் என்ற கம்பளி வணிகர் 1470களில், பத்து ஏழை ஆண்களும் இரண்டு பெண்களும் வாழ்நாள் முழுதும் தங்குவதற்காகக் கட்டிய அறச்சாலை அது. கம்பளி வணிகத்தால் கிடைத்த செல்வத்தை ஊர்ப் பெரியவர்கள் இப்படிப்பட்ட சாலைகளில் இட்டார்கள். சந்தைக் கூச்சலுக்கு நடுவே அதன் கல் முகப்பு நிற்கிறது. முதியோர் இன்றும் அங்கே குடியிருக்கிறார்கள் என்பதால், பார்வைக்குத் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் உள்ளே போக வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரத்துச் சங்கிலித் தொடர் விடுதிகளை நான் முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. கைக்குழந்தையுடன் காரில் வருபவர்களுக்கும், சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்கும், நள்ளிரவில் வந்து சேருபவர்களுக்கும் அவையே பொருத்தம். ஒரே அளவு அறை, அகலமான கதவு, இரவெல்லாம் விழித்திருக்கும் வரவேற்பாளர் என்பவை அற்பமான வசதிகள் அல்ல. ஆனால் அங்கே தங்குபவர்கள் மாலையில் மீண்டும் வண்டியெடுத்து ஊருக்குள் வர மாட்டார்கள் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். களைப்பு விடாது. செலவைக் காரணம் காட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. லண்டனில் மூன்று இரவுக்கு ஆகும் வாடகையில் ஓர் இரவைக் குறைத்து, அந்தத் தொகையைச் செவ்வாய் அல்லது புதன்கிழமையில் ஸ்டாம்ஃபர்டில் செலவிட்டால், அதே பணத்துக்குப் பெரும்பாலும் பெரிய அறையும் வயிறு நிறையக் காலை உணவும் கிடைக்கும்.

ஆகவே, இனி இத்தகைய பட்டியல்களை வெளியிடும்போது, ஒவ்வொரு விடுதியின் பெயருக்கு எதிரிலும் அது எந்த வகையைச் சேர்ந்தது, பழைய ஊருக்குள் இருக்கிறதா அல்லது நெடுஞ்சாலையில் இருக்கிறதா, ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு நடை, லிஃப்ட் அல்லது தரைத்தள அறை உண்டா, சமையலறை எத்தனை மணிக்கு மூடும் என்ற விவரங்களையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் அடுத்து ஷ்ராப்ஷயரின் லட்லோவைப் பற்றி எழுதவிருப்பதாக இணைப்பின் கடைசிப் பக்கத்தில் அறிவிப்பு இருந்தது. 1619இல் மரச்சட்டங்களால் கட்டப்பட்ட தி ஃபெதர்ஸ் அந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தக் கட்டுரையிலாவது அதைப் புகைப்படத்தோடு நிறுத்திவிடாமல், இப்போது அது விருந்தினர்களை ஏற்கிறதா, எந்த அறைக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் நேரில் விசாரித்து எழுதினால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
லெஸ்டர், இங்கிலாந்து.